ஈவில் அண்டர் தி சன்: தீவு, கடிகாரம், பச்சைத் தொப்பி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பதிவில் கொலையாளி யார், எப்படிச் செய்தார் என்பது முழுவதும் வருகிறது. அகதா கிறிஸ்டியின் 'ஈவில் அண்டர் தி சன்' நாவலைப் படிக்காதவர்களும் டேவிட் சூஷே நடித்த 2001 தொலைக்காட்சி வடிவத்தைப் பார்க்காதவர்களும் அதை முடித்துவிட்டு வாருங்கள். முடிச்சைத் தெரிந்துகொண்ட பிறகுதான் இந்தக் கதையைப் பற்றி உருப்படியாகப் பேச முடியும்.

நாவல் 1941-இல் வந்தது. இங்கிலாந்தின் டெவன் கடற்கரையை ஒட்டி ஒரு குட்டித் தீவு, அதில் ஜாலி ரோஜர் என்று ஒரு ஹோட்டல். விடுமுறைக்கு வந்தவர்களில் ஒருத்தி ஆர்லீனா, பழைய நடிகை, பேரழகி. கணவன் கென்னத் மார்ஷலும் அவருடைய முதல் மனைவியின் மகள் லிண்டாவும் உடன் வந்திருக்கிறார்கள். ஆர்லீனா சுற்றிக்கொண்டிருப்பதோ பேட்ரிக் ரெட்ஃபெர்ன் என்ற இளைஞனோடு. அவனுடைய மனைவி கிறிஸ்டின் வெளுத்த தோலும் வெயிலுக்குப் பயமுமாக, நீளக்கை உடை போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். ஒருநாள் காலை பிக்ஸி கோவ் என்ற ஒதுக்குப்புறமான குடாவில் ஆர்லீனா கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடக்கிறாள். அதே ஹோட்டலில் துப்பறிவாளர் ஹெர்க்யூல் புவாரோவும் தங்கியிருக்கிறார்.

கிறிஸ்டி மனதில் வைத்திருந்த தீவு பர்க் ஐலண்ட். பிக்பரி-ஆன்-சீ என்ற கரையோர ஊரிலிருந்து சுமார் 250 மீட்டர்தான். கடல் வற்றினால் மணலில் நடந்தே போய்விடலாம், ஏறினால் பாதை மூழ்கிவிடும். அங்குள்ள வெள்ளை நிற ஆர்ட் டெகோ ஹோட்டல் 1929-இல் கட்டப்பட்டது. 1939-இல் வெளிவந்த அவருடைய இன்னொரு புகழ்பெற்ற தீவுக் கதைக்கும் இந்த இடம்தான் தூண்டுதல். ஐடிவி தொலைக்காட்சியின் புவாரோ தொடரில், எட்டாம் சீசனில் இந்த நாவலை எடுத்தபோது, இயக்குநர் பிரையன் ஃபார்ன்ஹாமும் திரைக்கதை எழுதிய ஆண்டனி ஹோரோவிட்ஸும் கதையை அந்தத் தீவுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஹோட்டலின் பெயர் மட்டும் சாண்டி கோவ் என்று மாறிவிட்டது.

தீவுக்கே போனது வெறும் அழகுக்காக என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தக் கொலையே தூரத்தையும் நேரத்தையும் வைத்துப் பின்னப்பட்டது. ஹோட்டலிலிருந்து குடாவுக்கு நடக்க எவ்வளவு நேரம், படகில் எவ்வளவு நேரம், பாறை உச்சியிலிருந்து ஏணியில் இறங்க எவ்வளவு நேரம், இவை பார்ப்பவருக்கு உடம்பில் உறைக்க வேண்டும். நாவலின் வாசகர் ஒரு வரைபடத்தை மனதில் போட்டுக்கொள்வார். திரையில் நிலம்தான் வரைபடம். பர்க் ஐலண்ட் சிறியது, மேடும் சரிவுமானது. ஒருவர் மேட்டைத் தாண்டினால் மறுபக்கம் இருப்பவருக்குத் தெரியமாட்டார், ஆனால் ஓடினால் சில நிமிடங்களில் வந்துவிடலாம். கொலைத் திட்டத்துக்குத் தேவையான வடிவம் அந்தத் தீவிலேயே இருக்கிறது.

இனி திட்டத்துக்கு வருவோம். இதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தால்தான் திரையில் எடுப்பது ஏன் இத்தனை கடினம் என்பது புரியும்.

கொலையாளிகள் இரண்டு பேர், பேட்ரிக்கும் கிறிஸ்டினும். ஏமாற்றப்பட்ட மனைவி, ஏமாற்றும் கணவன் என்பதெல்லாம் நாடகம். ஆர்லீனாவுக்கு ஒரு பழைய அபிமானி 50,000 பவுண்டு எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அதில் பெரும்பகுதியைப் பேட்ரிக் பேசிப் பேசியே கறந்துவிட்டான். கணவருக்குத் தெரிந்தால் மாட்டிக்கொள்வான். அதனால் அவள் சாக வேண்டும்.

கொலை நாளன்று காலையில் கிறிஸ்டின் தன் அறையில் உடம்பெல்லாம் வெயிலில் கறுத்தது போன்ற சாயத்தைப் பூசிக்கொள்கிறாள். காலி பாட்டிலை ஜன்னல் வழியாகக் கடலை நோக்கி வீசுகிறாள். கீழே போய்க்கொண்டிருந்த இன்னொரு விருந்தாளி மிஸ் ப்ரூஸ்டர் மேல் படாமல் அது தப்புகிறது. சாயம் தெரியாமல் நீளக்கை உடையைப் போட்டுக்கொண்டு, படம் வரையப் போகலாம் என்று லிண்டாவை கல் கோவ் (Gull Cove) என்ற இன்னொரு குடாவுக்கு அழைத்துப் போகிறாள். லிண்டாவின் கைக்கடிகாரத்தை முன்பே 20 நிமிடம் முன்னால் தள்ளி வைத்தாயிற்று. அங்கிருந்து கிளம்பும்போது கிறிஸ்டின் மணி என்ன என்று கேட்கிறாள். பதினொன்றே முக்கால் என்கிறாள் பெண். உண்மையில் 11.25. லிண்டா கடலில் இறங்கியதும் கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டு ஓட்டம் பிடிக்கிறாள்.

பிக்ஸி கோவ் கரையில் ஆர்லீனா பேட்ரிக்குக்காகக் காத்திருக்கிறாள். ஏணியில் இறங்குவது அவனுடைய மனைவி என்று தெரிந்ததும் சங்கடப்பட்டுப் பக்கத்துக் குகைக்குள் ஒளிந்துகொள்கிறாள். கிறிஸ்டின் மேலுடையைக் கழற்றி, ஆர்லீனாவுடையதைப் போன்ற நீச்சலுடையில், அதே மாதிரியான பெரிய பச்சை அட்டைத் தொப்பியால் தலையையும் கழுத்தையும் மறைத்துக்கொண்டு மணலில் குப்புறப் படுக்கிறாள். படகில் வருகிறார்கள் பேட்ரிக்கும் மிஸ் ப்ரூஸ்டரும். அவன் முதலில் குதித்து ஓடிக் குனிந்து பார்த்து, செத்துவிட்டாள், கழுத்தை நெரித்திருக்கிறார்கள் என்கிறான். போலீஸை அழைத்து வர மிஸ் ப்ரூஸ்டர் படகோடு திரும்புகிறாள். படகு மறைந்ததும் கிறிஸ்டின் எழுந்து, தொப்பியைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி உடைக்குள் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி ஹோட்டலுக்கு ஓடுகிறாள். குளித்துச் சாயத்தைக் கழுவிவிட்டு டென்னிஸ் ஆட வந்து நிற்கிறாள். அதன் பிறகுதான் பேட்ரிக் குகையிலிருந்து ஆர்லீனாவை வெளியே கூப்பிடுகிறான்.

பிணம் கிடைத்து, அதற்குப் பிறகு கொலை. கொலை நடந்ததாக எல்லோரும் நம்பும் நேரத்தில் இருவருக்கும் வலுவான அலிபி, அதாவது வேறிடத்தில் இருந்ததற்கான சாட்சி, இருக்கிறது. கதையில் பின்னால் வெளிவரும் ஆலிஸ் காரிகன் என்ற பழைய வழக்கிலும் இதே சூத்திரம்தான். மலையேற வந்த ஒரு பெண் பிணத்தைப் பார்த்ததாகப் போலீஸில் சொல்கிறாள். கணவனுக்கு அந்த நேரத்துக்கு அசைக்க முடியாத சாட்சி இருக்கிறது. கொலை அதற்குப் பிறகுதான் நடந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பெண் கிறிஸ்டின், அந்தக் கணவன் பேட்ரிக். இதை வேறொரு ஊர்ச் செய்தியாகக் காட்டிவிட்டு நம்மை மறக்கச் செய்வதில் கிறிஸ்டியின் கைத்திறமை உச்சத்தில் இருக்கிறது.

இப்போது கேமராவின் தர்மசங்கடம். நாவலில் கரையில் கிடக்கும் உருவத்தை மிஸ் ப்ரூஸ்டரின் கண் வழியே சொல்லிவிடலாம். வெண்கலம் போலக் கறுத்த கைகால், பச்சைத் தொப்பி, அசைவில்லாமை. அவள் என்ன நினைத்தாளோ அதை எழுதினால் போதும், பொய் சொன்னதாக ஆகாது. கேமராவுக்கு அந்த வசதி இல்லை. அது காட்டுவதை நாம் உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம். அங்கே கிடப்பது கிறிஸ்டின். கிட்டே போனால் வேறு பெண் என்று தெரிந்துவிடும். தள்ளியே நின்றால் ஏன் தள்ளி நிற்கிறது என்று கூர்மையான ரசிகர் யோசிப்பார். ஆர்லீனாவாக நடிப்பவரையே படுக்கவைத்து எடுத்துவிட்டு, பிறகு அது கிறிஸ்டின் என்று சொன்னால் அது பித்தலாட்டம்.

இதற்கு நேர்மையான வழி ஒன்றுதான். படகில் உட்கார்ந்திருக்கும் மிஸ் ப்ரூஸ்டரின் இடத்தில் கேமராவை வைத்து, அவளுக்குத் தெரிவதற்கு மேல் எதுவும் காட்டக் கூடாது. அதுகூடப் போதாது. இந்தக் காட்சி எடுபட வேண்டுமென்றால் அதற்கு முந்தைய காட்சிகளிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஆர்லீனாவை வெயில், கரை, அந்தத் தொப்பி இவற்றோடு மட்டுமே நம் மனதில் பதிய வைக்க வேண்டும். முகத்தை விட உருவம் நினைவில் நிற்க வேண்டும். அப்புறம் அந்த உருவத்தைக் கண்டாலே மூளை தானாகப் பெயரைச் சொல்லிவிடும். கிறிஸ்டினோ எப்போதும் நிழலில், துணி மூடிய உடம்போடு, உட்கார்ந்த நிலையில் தெரிய வேண்டும். இருவரும் ஒரே உயரம், ஒரே வாகு என்று ஒப்பிட நமக்கு ஒரு ஃபிரேம் கூடக் கிடைக்கக் கூடாது. நடிகையரைத் தேர்வு செய்யும்போதே இந்தக் கணக்கு தொடங்குகிறது. 2001 வடிவத்தில் ஆர்லீனாவாக லூயிஸ் டெலமியர், கிறிஸ்டினாக டாம்ஸின் மாலிசன். முகத்தை மறந்துவிட்டு உடல்வாகை மட்டும் பாருங்கள்.

இதற்கான துப்பைக் கிறிஸ்டி ஆரம்பத்திலேயே புவாரோவின் வாயில் போட்டுவிடுகிறார். வெயில் காய்பவர்கள் வரிசையாகக் கிடப்பதைப் பார்த்து, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, பிணவறையில் அடுக்கியது போல, தனி ஆள் என்று எவருமே தெரியவில்லை என்று அலுத்துக்கொள்கிறார். வயதான மனிதரின் புலம்பல் என்று தாண்டிப் போய்விடுகிறோம். மொத்தக் கொலையும் அந்தப் பேச்சில் இருக்கிறது.

கடிகாரம் இன்னொரு தலைவலி. அச்சில் 'மணி பதினொன்றே முக்கால்' என்பது பத்துச் சொற்களுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். திரையில் கைக்கடிகாரத்தை க்ளோசப்பில் காட்டினால் அடுத்த நொடியே பார்வையாளர் உஷாராகிவிடுவார். காட்டாவிட்டால் கடைசியில் புவாரோ சொல்லும்போது எப்போது என்று விழிப்பார். 1982-இல் பீட்டர் உஸ்தினோவ் நடித்து, கய் ஹாமில்டன் இயக்கிய சினிமா இதற்கு ஓர் அருமையான வழி கண்டுபிடித்தது. தினமும் நண்பகலில் ஒரு பீரங்கி வெடிக்கும். நேரம் கண்ணுக்குப் பதிலாகக் காதுக்குப் போய்விட்டது. கடிகாரம் பொய் சொல்லலாம், பீரங்கி சொல்லாது. அதனால் லிண்டாவுக்குச் சத்தம் கேட்கக் கூடாது. நீந்தப் போகும் முன் காதை மூடும்படி அவளுக்குக் குளியல் தொப்பியைப் போட்டுவிடுவதே தடயமாகிவிடுகிறது. நாவலில் பீரங்கி கிடையாது. ஆனாலும் மூலத்தின் தர்க்கத்தை அப்படியே சினிமா மொழிக்கு மாற்றிய செயல் அது. அந்தப் படம் மயோர்க்காவில் எடுக்கப்பட்டது. கதையே மத்தியதரைக் கடல் பக்கத்து வெயிலுக்கு இடம் மாறிவிட்டது. டெவனின் குளிர்ந்த வெளிச்சமும் வேலிபோட்டது போன்ற ஆங்கில விடுமுறையும் அதில் இல்லை. வெயில் என்பது அபூர்வமான இடத்தில்தான் வெயிலில் கறுப்பது ஒரு பெருமையாகவும் சாயப் பாட்டில் ஒரு சாதாரணப் பொருளாகவும் இருக்கும். அந்த வகையில் 2001 வடிவமே மூலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

பர்க் ஐலண்டில் கடல் ஏறியிருக்கும்போது ஆட்களை ஏற்றிச் செல்ல ஒரு கடல் டிராக்டர் உண்டு. உயரமான கால்களின் மேல் ஒரு மேடை, கீழே சக்கரங்கள் கடலடி மணலில் உருளும், மேலே பயணிகள் நனையாமல் நிற்பார்கள். தொடரில் புவாரோ அதில் தீவுக்குப் போகும் காட்சி கண்ணை விட்டு அகலாதது. இப்போது ஓடும் வண்டி 1969-இல் செய்தது, கதை நடப்பதோ 1930-களில். இருந்தும் அது உறுத்தவில்லை. அந்த ஒரு காட்சியிலேயே இந்த இடத்துக்கு நினைத்தபோது வரவோ போகவோ முடியாது என்பது விளங்கிவிடுகிறது. வெளியாள் வந்து கொன்றிருக்கலாம் என்ற வாதம் அங்கேயே பாதி அடிபட்டுப் போகிறது.

அலையேற்றம் உள்ள இடத்தில் படம் எடுப்பவர்களுக்கு அது தரும் தொல்லையையும் சொல்ல வேண்டும். கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், ஆனால் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். திங்கட்கிழமை காலை 11 மணிக்குக் கிடைத்த கரை, வியாழக்கிழமை அதே நேரத்தில் இருக்காது. நீர்மட்டம் பொருந்த வேண்டுமென்றால் இரண்டரை மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும், அதற்குள் நிழல் இடம் மாறிவிடும். மணலில் காலடி பட்டுவிட்டால் அடுத்த ஷாட்டுக்கு அழிக்க வேண்டும். துப்பறியும் கதையில் காலடி என்பது சாட்சியம், தப்பான காலடி தெரிந்தால் ரசிகர் அதைத் தடயம் என்று எடுத்துக்கொண்டுவிடுவார். பன்னிரண்டு மணிக்கு முன்னும் பின்னுமாக நடக்கும் கதை என்பதால் வெளிச்சத்திலும் ஏமாற்ற முடியாது.

ஹோரோவிட்ஸின் மாற்றங்களில் பெரியது, லிண்டாவைப் பையனாக்கியது. தொடரில் அவன் லயனல், நடித்தவர் ரஸல் டோவி. இதன் பலன் ஒன்று உண்டு. கழுத்தை நெரித்துக் கொல்ல வலுவான கை வேண்டும். பதின்வயதுப் பையன் என்றால் சந்தேகப் பட்டியலில் அவன் பெயர் உடனே மேலே ஏறிவிடும். ஆனால் நாவலின் லிண்டா எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம். 16 வயதில் தன் உடம்பே தனக்குப் பாரமாக, சித்தி செத்துப்போக வேண்டும் என்று மெழுகுப் பொம்மை செய்து, அவள் நிஜமாகவே செத்ததும் தான்தான் கொன்றோம் என்று நம்பித் தூக்க மாத்திரை விழுங்கும் பெண். அந்தக் குற்ற உணர்ச்சியைக் கிறிஸ்டின் வளர்த்துவிடுவதுதான் கதையிலேயே மிகக் கொடூரமான செயல், கொலையை விடவும். பெண்ணின் இடத்தில் பையன் வந்ததும் அந்த இழையின் நிறம் மாறிவிடுகிறது. நட்பாக நெருங்கி வரும் மூத்த பெண் என்ற முகமூடி பையனிடம் அதே மாதிரி பொருந்தாது.

நாவலில் புவாரோவின் வழக்கமான கூட்டாளிகளான நண்பர் ஹேஸ்டிங்ஸ், போலீஸ் அதிகாரி ஜாப், செயலாளர் மிஸ் லெமன் மூவருமே இல்லை. விசாரிப்பது கர்னல் வெஸ்டனும் இன்ஸ்பெக்டர் கோல்கேட்டும். தொடர் மூவரையும் கொண்டுவந்தது. அதற்காகவே ஒரு முன்கதை: ஹேஸ்டிங்ஸ் பணம் போட்ட அர்ஜென்டினா உணவகத்தில் புவாரோ மயங்கி விழுகிறார், எடை கூடிவிட்டது என்று உடல் தேற்ற அந்த ஹோட்டலுக்கு அனுப்புகிறார்கள். நால்வரும் ஒன்றாக வரும் கதை இதற்குப் பிறகு 2013-இல்தான். அந்த வகையில் ரசிகர்களுக்கு இது விலைமதிப்பில்லாதது. அந்த மூவராக நடிக்கும் ஹியூ ஃப்ரேசரும் பிலிப் ஜாக்சனும் பாலின் மோரனும் திரையில் வந்தாலே மனம் நிறைகிறது. ஆனால் அந்த முன்கதை கேட்கும் நிமிடங்கள் கரையிலிருந்து எடுக்கப்பட்டவை. ஹோட்டல் விருந்தினர்களின் அரட்டையில்தான் தடயங்கள் ஒளிந்திருக்கின்றன. அந்த அரட்டை குறையக் குறைய மிச்சமிருக்கும் ஒவ்வொரு வாக்கியமும் 'என்னைக் கவனி' என்று கத்தத் தொடங்கிவிடுகிறது.

தடயங்கள் விஷயத்தில், கொலையாளிகள் எங்கே சறுக்கினார்கள் என்று பார்ப்பது சுவாரசியம். வெட்ட வேண்டிய தொப்பிக்காகக் கொண்டுவந்த புத்தம்புதுக் கத்தரிக்கோல் கரையிலேயே விழுந்துவிட்டது. பாட்டிலை அறையிலேயே விட்டிருந்தால் வேலைக்காரப் பெண் குப்பையில் போட்டிருப்பாள், யாருக்கும் நினைவிருக்காது. வீசியதால் சாட்சி வந்தது. நண்பகலில் யாரோ குளித்திருக்கிறார்கள், கேட்டால் யாருமே நானில்லை என்கிறார்கள். ஒப்புக்கொண்டிருந்தால் அது வெறும் குளியல், மறுத்ததால் புவாரோவின் பட்டியலில் ஏறியது. குகைக்குள் ஆர்லீனாவின் வாசனைத் திரவியம் தங்கிவிட்டது. உயரம் என்றாலே தலை சுற்றும், ஏணியில் என்னால் முடியாது என்று சொல்லி வைத்திருந்த கிறிஸ்டின், பிறகு டார்ட்மூர் பிக்னிக்கில் ஓடை மேல் போட்ட ஒற்றைப் பலகையை அலட்சியமாகக் கடக்கிறாள். மிஸ் ப்ரூஸ்டர்தான் உண்மையாகத் தடுமாறுகிறாள்.

வாசனை என்பது திரையில் வராத தடயம். யாராவது மூக்கை உறிஞ்சி, வாயால் சொன்னால்தான் உண்டு, சொன்ன கணமே அது அடிக்கோடு போட்டது போலாகிவிடும். குளியல் அதற்கு நேர் எதிர். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தத்தைப் பின்னணியில் விட்டாலே போதும், ஒரு வார்த்தை தேவையில்லை.

திட்டத்திலேயே ஒரு பலவீனம் உண்டு. மிஸ் ப்ரூஸ்டர் படகை விட்டு இறங்கி நானும் பார்க்கிறேன் என்று வந்திருந்தால் எல்லாம் முடிந்தது. பிணத்தோடு நான் இருக்கிறேன், நீ போ என்று சொல்லியிருந்தாலும் முடிந்தது. கொலைகாரன் பக்கத்தில் எங்கோ ஒளிந்திருக்கலாம் என்ற எண்ணத்தோடு தனியாக நிற்க அவள் துணிய மாட்டாள் என்பதை நம்பித்தான் பேட்ரிக் அவளைச் சாட்சியாகத் தேர்ந்தெடுக்கிறான். அதனால் அந்தப் படகுக் காட்சியில் பேட்ரிக்காக வரும் மைக்கேல் ஹிக்ஸின் முகத்தைவிட மிஸ் ப்ரூஸ்டராக வரும் கரோலின் பிக்கிள்ஸைப் பாருங்கள். அவளுடைய பயம்தான் திட்டத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறது.

இரண்டாவது முறை பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை. புவாரோவை விட்டுவிட்டுக் கிறிஸ்டினை மட்டும் தொடருங்கள். என்ன உடையில் இருக்கிறாள், கை எவ்வளவு தெரிகிறது, யாரிடம் மணி கேட்கிறாள், எந்தப் பக்கத்திலிருந்து ஹோட்டலுக்குத் திரும்புகிறாள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். அப்படியே ஆர்லீனாவையும் புதிதாகப் பார்க்கலாம். எல்லோரும் அவளை ஆண்களைக் கவிழ்ப்பவள் என்றார்கள். புவாரோ மட்டும்தான் அவள் ஆண்களிடம் ஏமாறுகிறவள் என்று கண்டுபிடித்தார். அந்தக் கண்ணோட்டத்தில், காலையில் மிதவையில் ஏறித் தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு பிக்ஸி கோவ் பக்கம் போகும்போது, இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று புவாரோவிடம் அவள் கேட்டுக்கொள்வதை மறுபடியும் கேளுங்கள்.